கருவியின் முதுமையும் கடலின் மாற்றமும்

கடலின் நிறத்தை விண்ணிலிருந்து அளப்பவர்களின் உழைப்பில் பெரும்பகுதி கடலைப் பார்ப்பதில் செலவாவதில்லை. அளக்கின்ற கருவி சென்ற ஆண்டு இருந்த நிலையிலேயே இந்த ஆண்டும் இருக்கிறதா என்ற ஐயத்தைத் தீர்ப்பதிலேயே செலவாகிறது. நாளிதழ்களில் வெளியாகும் நீலமும் பச்சையுமான உலகப் படங்களை மட்டும் பார்ப்பவர்களுக்கு இது விளங்குவது கடினம். ஒரு மாதத்துப் படத்தை உருவாக்குவதும் இருபது ஆண்டுகளில் கடல் எவ்வளவு மாறியது என்று சொல்வதும் ஒரே தரவிலிருந்து பிறந்தாலும், இரண்டும் வெவ்வேறு தொழில்கள் என்று சொல்லத்தக்க அளவுக்கு வேறுபட்டவை என்பதை இத்துறையில் நெடுங்காலம் பழகியவர்கள் அறிவார்கள்.

அடிப்படை எளிமையானது. கடலின் மேற்பரப்பை ஒட்டி வாழும் தாவர மிதவை நுண்ணுயிர்களில், அதாவது நீரோட்டத்தின் போக்கில் அலைந்தபடியே ஒளிச்சேர்க்கை செய்யும், பெரும்பாலும் கண்ணுக்குப் புலப்படாத உயிர்களில் பச்சையம் இருக்கிறது; அந்தப் பச்சையம் 443 நானோமீட்டர் அலைநீளத்தை ஒட்டிய நீல ஒளியை விரும்பி உறிஞ்சுகிறது, 555 நானோமீட்டரை ஒட்டிய பச்சை ஒளியைப் பெரும்பாலும் விட்டுவிடுகிறது. ஆகவே நீரிலிருந்து மீண்டு வரும் ஒளியில் நீலத்துக்கும் பச்சைக்கும் உள்ள விகிதம் குறையக் குறையப் பச்சையம் மிகுதி என்று கொள்ளலாம். இந்த உறவை 1970இல் கிளார்க், யூவிங், லோரன்சன் ஆகிய மூவர் விமானத்திலிருந்து அளந்து காட்டினர். பூமியில் நிகழும் ஒளிச்சேர்க்கையில் ஏறத்தாழப் பாதி இந்த உயிர்களால் நடப்பது என்பதால், அவற்றின் அளவில் நிகழும் சிறு மாற்றமும் மீன்வளத்தையும் கரியமில வாயுவின் கணக்கையும் தொடும்.

சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. செயற்கைக்கோளை எட்டும் ஒளியில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கே கடல்நீருக்குள் சென்று திரும்பியது. எஞ்சியது காற்றின் மூலக்கூறுகளும் அதில் மிதக்கும் தூசும் புகையும் உப்புத்துகளும் சிதறடித்த ஒளி. அந்தப் பெரும்பங்கைக் கணக்கிட்டுக் கழித்தால்தான் கடலின் நிறம் கிடைக்கும். இந்தக் கழித்தலுக்கு வளிமண்டலத் திருத்தம் என்று பெயர். அதற்கான முறையை வகுத்தவர்களில் மயாமி பல்கலைக்கழகத்தின் ஹவர்ட் கார்டன் முதன்மையானவர். கழித்தலின் கொடுமை என்னவென்றால், மொத்த ஒளியை அளப்பதில் நூற்றுக்கு ஒரு பங்கு பிழை நேர்ந்தால், நீரின் ஒளியில் அது நூற்றுக்குப் பத்துப் பங்காகப் பெருகிவிடும். தராசே மாதந்தோறும் தேய்ந்துகொண்டிருக்கும் ஒரு நகைக்கடையில் பொன்னின் எடை கூடியதா குறைந்ததா என்று எவரும் உறுதியாகச் சொல்ல முடியாது. முதல் தலைமுறைக் கருவி அத்தகைய தராசாகத்தான் இருந்தது.

அந்தக் கருவி 1978 அக்டோபரில் நிம்பஸ்-7 செயற்கைக்கோளில் ஏறிச் சென்ற கடலோர மண்டல வண்ண அளவி. ஓராண்டுச் சோதனைக்காகக் கட்டப்பட்டது 1986 வரை உழைத்தது என்பது அதன் பெருமை. ஆனால் மின்சாரப் பற்றாக்குறையால் ஒரு நாளில் சில மணி நேரமே அதை இயக்க முடிந்தது. கேட்டவர்களுக்குக் கேட்ட கடலைக் காட்டியதே அல்லாமல் உலகக் கடல்கள் அனைத்தையும் ஒரே சீராக அது பார்க்கவில்லை. அதன் நீலப் பட்டையின் உணர்திறன் ஆண்டுக்காண்டு குறைந்தது. அதற்குள் பொருத்தப்பட்டிருந்த விளக்கு ஒளிப்பாதை முழுவதையும் சோதிக்கும்படி அமையாததால் எவ்வளவு குறைந்தது என்பதை நேரடியாக அறிய வழியில்லை. போதாக்குறைக்கு 1982இல் மெக்சிகோவின் எல் சிச்சோன் எரிமலை வெடித்து அடுக்குவளிமண்டலத்தைத் துகள்களால் நிரப்பியது. வளிமண்டலத் திருத்தத்தின் கணக்கில் இடம்பெறாத அந்தத் திரை, கடலின் நிறத்தில் நேர்ந்த மாற்றம்போலவே தோற்றமளித்தது. இக்கட்டுரையாளரின் தலைமுறையினர் இத்துறைக்கு வந்தபோது அந்தத் தரவு காந்த நாடாச் சுருள்களில் கிடந்தது. ஒரு கடற்பரப்பின் ஒரு பருவத்தைப் பார்க்க வேண்டுமென்றால் முதலில் நாடா வர வேண்டும், பிறகு அதைப் படிக்கும் எந்திரம் பழுதின்றி இருக்க வேண்டும், பிறகு மேகமில்லாத படிமம் ஒன்றாவது தேற வேண்டும். இன்று ஒரு மாணவர் தேநீர் குடித்து முடிப்பதற்குள் இறக்கிக்கொள்ளும் தரவைப் பார்க்க அன்று பல மாதங்கள் காத்திருக்க நேர்ந்தது.

1986க்குப் பிறகு பத்தாண்டுக்கும் மேற்பட்ட இடைவெளி. நீண்டகால மாற்றத்தை ஆய்பவருக்கு இதைவிடப் பெரிய இழப்பு இருக்க முடியாது. ஏனெனில் பழைய கருவியும் புதிய கருவியும் ஒரே கடலை ஒரே காலத்தில் பார்த்தால்தான் ஒன்றின் அளவை மற்றொன்றின் அளவோடு இணைக்க முடியும். இடைவெளியை முடிக்க வந்த ஜப்பானின் ஆக்ட்ஸ் உணரி 1996 ஆகஸ்டில் ஏவப்பட்டு, அதைச் சுமந்த செயற்கைக்கோளின் சூரியத் தகடு பழுதானதால் 1997 ஜூன் இறுதியில் ஓய்ந்தது. பல ஆண்டுகள் தாமதப்பட்ட அமெரிக்காவின் சீவிஃப்ஸ் உணரி 1997 ஆகஸ்ட் முதல் நாள் புறப்பட்டது. இரண்டும் சந்தித்துக்கொள்ளாமல் தவறவிட்ட காலம் ஒரு மாதம்தான்.

சீவிஃப்ஸ் இத்துறைக்குக் கற்றுக்கொடுத்தது கடலைப் பற்றியதைவிட ஒழுக்கத்தைப் பற்றியதே அதிகம். திங்கள்தோறும் நிலவு முழுமையை ஒட்டிய ஒரு குறிப்பிட்ட கோணத்தில் வரும்போது, சுற்றுப்பாதையின் இருண்ட பக்கத்தில் செயற்கைக்கோளையே திருப்பி நிலவைப் பார்க்கச் செய்தனர். நிலவின் மேற்பரப்பு காற்றும் நீரும் தீண்டாதது, ஆண்டுகள் பலவானாலும் மாறாதது. அதன் வெளிச்சம் சூரியன், பூமி, நிலவு ஆகியவற்றின் இருப்பிடங்களைக் கொண்டு கணக்கிடத்தக்கது. ஆகவே கணக்கிட்ட அளவைவிட உணரி குறைவாகக் காட்டினால், மங்கியது உணரியே அன்றி நிலவு அல்ல. அகச்சிவப்பை அண்டிய பட்டைகள் மற்றவற்றைவிட வேகமாகத் தேய்வது இப்படித்தான் துல்லியமாகத் தெரிந்தது. தூசியைக் கணிப்பதற்கு அந்தப் பட்டைகளே பயன்படுகின்றன என்பதால், அந்தத் தேய்வு திருத்தப்படாமல் போயிருந்தால் உலகக் கடல்கள் அனைத்திலும் பொய்யானதொரு போக்கு தோன்றியிருக்கும்.

நிலவு தேய்வை மட்டுமே காட்டும். அளவின் உண்மையான மதிப்பைக் காட்டாது. அதற்கு ஹவாயின் லானாய் தீவுக்கு அப்பால் தெளிந்த நீரில் மோபி என்னும் ஒளியியல் மிதவையை டென்னிஸ் கிளார்க்கின் குழுவினர் நிறுத்தினர். நீருக்கடியில் வெவ்வேறு ஆழங்களில் நீண்ட கைகளைக் கொண்ட அந்த மிதவை, மேலெழும் ஒளியை அளக்கிறது. வானம் தெளிந்த நாளில் செயற்கைக்கோள் மேலே கடக்கும் வேளையில் இரண்டும் அளந்தவற்றை ஒப்பிட்டு, வேறுபாட்டுக்கு ஏற்பச் செயற்கைக்கோளின் ஒவ்வொரு பட்டைக்கும் ஒரு பெருக்கெண் தரப்படுகிறது. நம்பத்தக்க பெருக்கெண்ணுக்கு வேண்டிய அளவு நல்ல நாட்கள் சேர இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகும். கண்ணாடியில் பாசி படிந்தால் முக்குளிப்பவர்கள் சென்று துடைக்க வேண்டும். குறிப்பிட்ட கால இடைவெளியில் மிதவையை மாற்றிப் பழையதைக் கரைக்குக் கொண்டுவந்து மீண்டும் சோதிக்க வேண்டும். ஒரு செயற்கைக்கோள் பற்றிப் பேசும்போது யாரும் முக்குளிப்பவரை நினைப்பதில்லை. ஆனால் உலகக் கடல்களின் பச்சைய அளவு அவருடைய துடைப்புத் துணியையும் நம்பியிருக்கிறது.

சீவிஃப்ஸ் கண் திறந்த 1997 செப்டம்பரில் பசிபிக் கடல் இருபதாம் நூற்றாண்டின் மிக வலிய எல் நினோக்களுள் ஒன்றில் சிக்கியிருந்தது. சத்துகள் நிறைந்த ஆழ்நீர் மேலேறுவது நின்றதால் நிலநடுக்கோட்டுப் பசிபிக் பச்சையமற்று வெளிறிக் கிடந்தது. 1998இன் நடுப்பகுதியில் காற்று திரும்பியதும் அதே நீரில் பச்சை வெடித்துக் கிளம்பியது. அதே 1997இன் இறுதியில் இந்தியப் பெருங்கடலின் கிழக்கு ஓரத்தில் சுமத்ராவை ஒட்டிக் குளிர்ந்த நீர் மேலேறி, வழக்கமாகச் சத்துக் குறைந்த அந்தக் கடலில் பெரும் பெருக்கத்தை உண்டாக்கியது; மெந்தாவாய் தீவுகளின் பவளப்பாறைகள் அந்தக் காலத்தில் பெருமளவில் மடிந்தன. பெரிங் கடலோ பால் கலந்த பச்சை நிறமாக மாறிக் கிடந்தது. அதற்குக் காரணம், சுண்ணாம்புத் தகடுகளால் உடலை மூடிக்கொள்ளும் காக்கோலித்தோஃபோர் என்னும் நுண்ணுயிர். இவ்வளவையும் முதல் ஓராண்டுக்குள் பார்த்தவர்களுக்கு ஏற்பட்ட மயக்கம் இயல்பானது. ஆனால் பதிவின் தொடக்கமே ஓர் உச்ச நிகழ்வில் அமைந்துவிட்டதால், அந்த முனையிலிருந்து இழுக்கப்படும் எந்த நேர்கோடும் சாய்ந்தே தொடங்கும் என்பதை உணர அவர்களுக்குச் சில ஆண்டுகள் தேவைப்பட்டன.

இந்தக் காலத்தில்தான் மறுசெயலாக்கம் என்ற வழக்கம் வேரூன்றியது. கருவியின் தேய்வைப் பற்றிய அறிவு கூடும்போதெல்லாம், முதல் நாளிலிருந்து கடைசி நாள் வரையிலான தரவு முழுவதும் மீண்டும் கணக்கிடப்படுகிறது. பழைய பதிப்பு விலக்கப்படுகிறது. ஒரு பதிப்பில் தெளிவாகத் தெரிந்த சரிவு அடுத்த பதிப்பில் மறைந்துபோவது அரிதான நிகழ்ச்சி அல்ல. ஆகவே எந்தப் பதிப்பைக் கொண்டு கணக்கிட்டது என்று குறிப்பிடாத ஆய்வுக் கட்டுரையை மூத்தவர்கள் வரைபடம் வரை படிப்பதில்லை. இது அவர்களின் கர்வம் அன்று.

போக்குகளைப் பற்றிய சர்ச்சைகள் இந்தப் பின்னணியில்தான் புரியும். 1980களின் தொடக்கத்தையும் சீவிஃப்ஸ் காலத்தையும் ஒப்பிட்ட வாட்சன் கிரெக்கும் உடனாய்வாளர்களும் கடலின் முதன்மை உற்பத்தி நூற்றுக்கு ஆறு பங்குக்கு மேல் குறைந்ததாக 2003இல் எழுதினர். ஏறத்தாழ அதே இரண்டு கருவிகளின் தரவைத் தம் வழியில் மீண்டும் செயலாக்கிய டேவிட் அன்ட்வானும் ஆந்த்ரே மொரேலும் பிறரும் உலகக் கடல்களின் பச்சையம் நூற்றுக்கு 22 பங்கு கூடியதாக 2005இல் எழுதினர். ஒன்று உற்பத்தியையும் மற்றொன்று பச்சையத்தையும் பேசுகிறது என்றாலும், போக்கின் திசையே மாறிப்போனதற்குக் காரணம் கடல் அன்று. நடுவிலிருந்த இடைவெளியைத் தாண்டிக் கருவிகளை இணைத்த விதம். 2010இல் பாய்ஸும் உடனாய்வாளர்களும் நேச்சர் இதழில், 1899 முதலான பதிவுகளைக் கொண்டு ஆண்டுக்கு நூற்றுக்கு ஒரு பங்கு அளவில் தாவர மிதவை உயிர்கள் குறைந்துவருவதாகக் கூறியபோது உலகச் செய்தித்தாள்கள் அனைத்தும் அதை எடுத்துக்கொண்டன. அந்தப் பழைய பதிவுகளில் பெரும்பகுதி செக்கி தட்டு, அதாவது கயிற்றில் கட்டி நீருக்குள் இறக்கப்படும் வெண்தட்டு கண்ணுக்கு மறையும் ஆழத்தை அளந்தவை. பிற்காலப் பதிவுகள் நீர் மாதிரியிலிருந்து நேரடியாகப் பெற்றவை. இருவகை அளவீடுகளையும் கலந்ததே சரிவை உண்டாக்கியது என்று அடுத்த ஆண்டே அதே இதழில் மறுப்புகள் வந்தன. மறுப்புகளை எத்தனை செய்தித்தாள்கள் வெளியிட்டன என்பது வேறு கதை.

அரபிக்கடலுக்கும் இதே பாடம் உண்டு. இமயமலைப் பகுதியின் பனி குறைந்து நிலம் வெம்மையடைவதால் பருவக்காற்று வலுத்து, மேற்கு அரபிக்கடலில் கோடைப் பச்சையம் ஏழு ஆண்டுகளில் 350 விழுக்காட்டுக்கு மேல் கூடியது என்று ஜோவாக்கிம் கோயஸும் பிறரும் 2005இல் சயன்ஸ் இதழில் எழுதினர். அரபிக்கடல் உண்மையிலேயே வளம் பெருகி வருகிறதா என்ற கேள்வியையே தலைப்பாக்கிப் பிரகாஷும் ரமேஷும் 2007இல் கரண்ட் சயன்ஸ் இதழில் அந்த முடிவின் பொதுமையை ஐயுற்றனர். நீண்ட பதிவையும் கணினி மாதிரிகளையும் சேர்த்துப் பார்த்த ராக்சி மேத்யூ கோலின் குழு, மேற்கு இந்தியப் பெருங்கடலில் அறுபதாண்டுகளில் நூற்றுக்கு இருபது பங்கு வரை குறைவு என்று 2016இல் கூறியது. மேலடுக்கு வெம்மையடைந்து கீழுள்ள குளிர்நீரோடு கலக்காமல் நிற்பதால் சத்துகள் மேலேறுவது தடைப்படுகிறது என்பது அதன் விளக்கம். ஏழாண்டுக் காலத்தை மட்டும் பார்ப்பவர் ஏறுமுகத்தையும் நெடுங்காலத்தைப் பார்ப்பவர் இறங்குமுகத்தையும் காண்பதில் முரண் இல்லை. ஸ்டெஃபனி ஹென்சனும் பிறரும் 2010இல் கணக்கிட்டபடி, இயற்கையான ஏற்ற இறக்கங்களிலிருந்து காலநிலை மாற்றத்தின் சுவட்டைப் பச்சையத்தில் பிரித்தறிய ஏறத்தாழ 40 ஆண்டுத் தொடர்ப்பதிவு வேண்டும்.

பச்சையம் குறைந்தது என்பதற்கு உயிர்கள் குறைந்தன என்று பொருளா என்ற கேள்வி இன்னும் ஆழமானது. வெளிச்சம் மிகுந்த, சத்துக் குறைந்த மேலடுக்கில் நெடுநாள் தங்கும் நுண்ணுயிர் தன் பச்சையத்தைக் குறைத்துக்கொள்கிறது. அதே எண்ணிக்கையில், அதே எடையில் இருந்துகொண்டே வெளிறிப்போகிறது. இதைப் பிரித்தறிய உதவியது துகள்களின் அளவீடு. நீரில் மிதக்கும் துகள்கள், அவை உயிருள்ளவையோ மடிந்தவற்றின் சிதைவுகளோ மண்ணோ எதுவாயினும், ஒளியின் ஒரு பகுதியை வந்த வழியே திருப்பி அனுப்புகின்றன. பின்சிதறல் எனப்படும் இந்த அளவு நிறமியைப் பொறுத்தது அன்று. துகள்களின் மொத்த அளவையும் பருமனையும் ஆக்கத்தையும் பொறுத்தது. மைக்கேல் பேரன்ஃபெல்டும் பிறரும் 2005இல் பின்சிதறலிலிருந்து மிதவை உயிர்களின் கரிம எடையை மதிப்பிட்டு, பச்சையத்துக்கும் கரிமத்துக்கும் உள்ள விகிதம் வெளிச்சத்துக்கும் வெப்பத்துக்கும் ஏற்ப மாறுவதை விண்ணிலிருந்தே காட்டினர். அதன்பின் வெப்பமண்டலக் கடல்களில் பச்சையம் சரிந்த பல இடங்களில், சரிவின் பெரும்பங்கு உயிர்களின் தகவமைப்பே அன்றி இழப்பு அன்று என்ற வாதம் வலுப்பெற்றது. பச்சையத்தை மட்டும் வரைந்துவிட்டுக் கடல் பாலைவனமாகிறது என்று எழுதுவோர் இந்த ஓர் அளவையும் பக்கத்தில் வரைந்துபார்த்திருந்தால் பல தலைப்புகளைக் கைவிட்டிருப்பார்கள்.

கரையோர நீரில் இந்தக் கணக்குகள் அனைத்தும் தடுமாறுகின்றன. நிறத்தை மிதவை உயிர்களே தீர்மானிக்கும் திறந்த கடலையும், ஆற்று வண்டலும் அழுகிய தாவரங்களின் மஞ்சட்கரைசலும் சேர்ந்து தீர்மானிக்கும் கரையோர நீரையும் 1977இலேயே மொரேலும் பிரியூரும் வேறுபடுத்தினர். கங்கை முகத்துவாரத்திலும் பாக் நீரிணையிலும் கலங்கல் மிகுந்த நீர் அகச்சிவப்பை அண்டிய ஒளியையும் திருப்பி அனுப்புவதால், தூசியைக் கணிக்கும் முறை அதையும் தூசி என்றே எண்ணி மிகையாகக் கழித்துவிடுகிறது. நீலப் பட்டையில் எதிர்மறை எண்கள்கூடத் தோன்றும். ஆழம் குறைந்த இடங்களில் அடிமணலே பச்சையம் என்று வேடமிடுகிறது. 1999 மே மாதம் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து புறப்பட்ட ஓஷன்சாட்-1, 360 மீட்டர் நுணுக்கத்தோடு இந்தக் கரைகளைப் பார்க்கத் தொடங்கியபோது, உலக உணரிகளின் ஒரு கிலோமீட்டர் படிமங்களில் மங்கலாகத் தெரிந்த வண்டல் நாக்குகளும் சுழல்களும் பிரிந்து தெரிந்தன. அந்தப் படிமங்களும் கடல்வெப்பப் படிமங்களும் சேர்ந்து, ஹைதராபாத்திலுள்ள இன்காய்ஸ் நிறுவனத்தின் வழியாக மீன் கிடைக்க வாய்ப்புள்ள இடங்களைப் பற்றிய அறிவிப்பாக மீனவர்களை எட்டின. அன்றாட அறிவிப்புக்குச் சார்பு மாற்றம் போதும். எந்த இடத்தில் பச்சை நீர் நீல நீரைச் சந்திக்கிறது என்று காட்டினால் போதும். இருபதாண்டுப் போக்குக்கு அது போதாது.

மீனவர்களின் கண்ணோ செயற்கைக்கோளுக்கு முந்தையது. மன்னார் வளைகுடாவில் பூங்கோரை என்று அவர்கள் சொல்லும், நாக்டிலூக்கா என்னும் மிதவை நுண்ணுயிரின் பெருக்கம் 2019இல் நீரைப் பச்சையாக்கி, உயிர்வளியைக் குறைத்து மீன்களையும் பவளங்களையும் கொன்றபோது, அதை முதலில் அறிந்தவர்கள் கரையில் இருந்தவர்களே. மேகமும் சூரிய ஒளியின் பளபளப்பும் கரையின் அண்மையும் சேர்ந்து விண்ணிலிருந்து பார்ப்பவரை இத்தகைய தருணங்களில் பெரும்பாலும் குருடாக்குகின்றன.

2000க்குப் பின் உணரிகள் பல்கின. அதனால் வேலை எளிதாகிவிடவில்லை. டெரா செயற்கைக்கோளின் மோடிஸ் உணரியில் கண்ணாடியின் இயல்பு பார்க்கும் கோணத்துக்கேற்ப மாறிக்கொண்டே வந்ததால், கடல்நிறத்துக்காக அதைப் பிற உணரிகளின் துணையோடு திருத்த வேண்டியதாயிற்று. 2011இல் ஏவப்பட்ட வியர்ஸ் உணரியின் கண்ணாடிகள் பூச்சு வேலையின்போதே டங்ஸ்டனால் மாசுபட்டிருந்து, விண்ணில் புற ஊதாக் கதிர் பட்டதும் கருமையடைந்தன. ஐரோப்பாவின் மெரிஸ் 2012 ஏப்ரலில் செயற்கைக்கோளோடு மௌனமாயிற்று. அடுத்த ஐரோப்பிய உணரி 2016இல்தான் வந்தது. இவற்றையெல்லாம் ஒரே தொடராக இணைக்கும் பணியை ஐரோப்பிய விண்வெளி நிறுவனத்தின் காலநிலைத் திட்டத்தில் பிளிமத் ஆய்வகத்தின் சுபா சத்யேந்திரநாத் தலைமையேற்று நடத்தினார். இணைத்த தொடர் பயன்மிக்கது. ஆனால் ஓர் உணரி விலகி மற்றொன்று சேரும் ஆண்டுகளில் தோன்றும் படிகளை ஐயத்தோடு பார்ப்பதே இத்துறையின் வழக்கம்.

அந்த ஐயத்தைத் தவிர்க்க விரும்பிய கேலும் ஸ்டெஃபனி டுட்கீவிச்சும் பிறரும் 2023இல், 2002இல் ஏவப்பட்ட அக்வாவின் மோடிஸ் என்ற ஒரே உணரியின் இருபதாண்டுத் தரவை மட்டும் எடுத்துக்கொண்டனர். பச்சையத்தைக் கணக்கிடாமல், பல அலைநீளங்களில் கடல் திருப்பியனுப்பும் ஒளியையே நேரடியாகப் பார்த்தனர். உலகக் கடற்பரப்பில் நூற்றுக்கு 56 பங்கின் நிறம் இயற்கை ஏற்ற இறக்கங்களைக் கடந்து மாறியிருப்பதும், வெப்பமண்டலக் கடல்கள் பொதுவாகப் பச்சைப் பக்கம் நகர்ந்திருப்பதும் தெரிந்தன. பச்சையத்தில் 40 ஆண்டுகள் கேட்ட சுவடு, ஒளியின் முழு நிறத்தில் இருபதாண்டுகளிலேயே தெரிந்ததற்குக் காரணம், நிறத்தில் நுண்ணுயிரும் துகளும் கரைசலும் சேர்ந்து பேசுகின்றன என்பதே. எது மாறியது என்பதை அந்த நிறம் தனித்துச் சொல்லவில்லை. 2024 பிப்ரவரியில் ஏவப்பட்ட பேஸ் செயற்கைக்கோள், ஒரு சில பட்டைகளுக்கு மாறாகப் புற ஊதாவிலிருந்து அகச்சிவப்பின் விளிம்பு வரை தொடர்ச்சியான நிறமாலையை அளப்பது இதற்காகத்தான்.

1997 செப்டம்பரில் தொடங்கிய தொடர்ப்பதிவு 2037இல்தான் நாற்பது ஆண்டுகளை நிறைவுசெய்யும். அதுவரை, புதிய உணரி ஒவ்வொன்றும் பழையது உயிரோடு இருக்கும்போதே மேலேற வேண்டும். மூலத்தரவும் அளவுதிருத்த அட்டவணைகளும் அழியாமல் காக்கப்பட வேண்டும். 1999, 2009, 2022 ஆகிய ஆண்டுகளில் ஏவப்பட்ட மூன்று தலைமுறை ஓஷன்சாட் உணரிகளின் தரவு இந்தியாவின் கையில் இருக்கிறது. லட்சத்தீவின் காவரத்தியை ஒட்டிய தெளிந்த நீர் அளவுதிருத்தத்துக்கு ஏற்ற இடம் என்பதும் காட்டப்பட்டிருக்கிறது. இந்தத் துறைக்கு வரும் இந்திய மாணவர்கள் அழகிய படிமம் ஒன்றைத் தேடிப் போவதற்கு முன், இந்த மூன்று உணரிகளின் அளவுகளை ஒன்றோடொன்று பொருத்திப் பார்க்கும் சலிப்பூட்டும் வேலையைக் கையிலெடுக்க வேண்டும்.